தாய்மாமனின் டர்போ கார்

"அண்ணே, வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும். அதுக்குள்ள பிள்ளை உன் மடியில உக்காந்து காது குத்தியாகணும். லேட்டாக்கிப்புடாத."

திருவாதவூரிலிருந்து முனீஸ்வரி போனில் இதைச் சொன்னபோது, அவள் அண்ணன் அசோக்குமார் செல்லூரில் ஒரு சந்துக்குள் தன் காருக்கு முன்னால் நின்றிருந்தான். கே.கே. நகரில் டைல்ஸ் கடை வைத்திருப்பவன். கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். அவளுடைய முதல் பிள்ளைக்குத் தாய்மாமன் மடி என்றால் அது அவன் மடி.

"என் வண்டிக்கு லேட்டா? நீ அடுப்பைப் பத்த வைக்கிறதுக்குள்ள அங்க நிப்பேன்."

"இல்ல, எங்க அத்தை சொல்லுது, நீ வர முன்னப்பின்ன ஆனா கருத்தக்கண்ணன் மடியில வச்சிருவோம்னு."

கருத்தக்கண்ணன் அவர்களுடைய சித்தப்பா மகன். முறைக்கு அவனும் தாய்மாமன்தான்.

"அவனா? பஸ்ஸு படியில தொங்கிக்கிட்டு வந்து மடியக் காட்டுவானாக்கும். போன வையி."

போனை வைத்துவிட்டு அவன் திரும்பியது ராம்கியிடம். ராம்கி கார் இன்ஜினை லேப்டாப்பால் முடுக்கிவிடுகிறவன். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே அந்த வித்தையைப் படித்தவன். காசு கொடுக்கிறவர்களிடம் மறுத்துப் பேசும் கெட்ட பழக்கம் அவனுக்குக் கிடையாது.

"டர்போ அழுத்தத்த ஏத்திட்டேண்ணே. இனி மிதிச்சா தூக்கி அடிக்கும்."

"அடிக்குது. ஆனா எடுத்த எடுப்புல மிதிச்சா மஞ்ச லைட்டு மினுக்குது, வண்டி அமுங்குது. அது என்ன எழவு?"

"டிராக்‌ஷன் கண்ட்ரோல்ண்ணே. இந்த வண்டிக்கு இழுவை முன்சக்கரத்துல. சக்கரம் தரையப் பிடிக்காம சும்மா சுத்துச்சுன்னா, அதுவே இன்ஜின் பவரக் குறைச்சுவிடும்."

"நான் ஏத்துவேன், அது குறைக்குமா? யாரக் கேட்டுக் குறைக்குது? தூக்கிரு."

"பட்டன் இருக்கே. வேணுங்கிறப்ப ஆஃப் பண்ணிக்கலாம்."

"பட்டன் இருந்தா எம்பொண்டாட்டி ஆன் பண்ணிருவா. வேரோட எடு."

ராம்கி வேரோடு எடுத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அரிசி மூட்டைகள், பித்தளை அண்டா, வெண்கலப் பானை, வாழைத்தார் என்று மொத்தச் சீரும் காரின் பின்பக்கம் ஏறியது. பின்சீட்டை மடக்கி, கூரையை முட்டுகிற அளவுக்கு அடைத்தான். வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முகம் ஆகாயம் பார்த்தது.

"ஏங்க, சாமானுக்கு ஒரு குட்டியானை வேன் பிடிச்சிருக்கலாம்ல?" என்றாள் அவன் மனைவி பாண்டிமீனா.

"தாய்மாமன் சீர குட்டியானையில கொண்டு போறதுக்கு நான் என்ன தக்காளி யாவாரியா?"

"ராத்திரி மழை பெஞ்சிருக்கு. கோயிலு கம்மாக் கரை மேல இருக்கு."

"இது டர்போடி."

டர்போ என்றால் என்னவென்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவனுக்குத் தெரியாது.

நாற்கரச் சாலையில் கார் பறந்ததென்னவோ உண்மை. ஒத்தக்கடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி உறுமவிட்டான். பத்து மணிக்குக் கண்மாய்க் கரையின் அடிவாரம். மேலே கோயில் மரத்தடியில் கொட்டுக்காரர்கள் நின்றிருந்தார்கள். காது குத்தும் ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். முனீஸ்வரியின் மாமியார் செல்லத்தாய் இடுப்பில் கைவைத்தபடி கரையோரம் வந்து எட்டிப் பார்த்தாள். கூப்பிடு தூரம்தான். நடுவில் ஒரு மண்சரிவு, மழையில் நனைந்து களியாகக் கிடந்தது.

அசோக்குமார் மிதித்தான். முன்சக்கரங்கள் அலறிச் சுற்றின. கார் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னும் மிதித்தான். களிமண் வாரியடித்ததில், உதவிக்கு இறங்கிவந்த தங்கை புருசன் பேயாண்டியின் பட்டுவேட்டி செங்கல் நிறமானது.

"மச்சான், மெதுவா மிதிங்க."

"மெதுவா மிதிக்கிறதுக்கா மாப்ள இம்புட்டு செலவு பண்ணிருக்கு?"

சக்கரம் குழி பறித்து இறங்கியது. அவன் ராம்கிக்குப் போன் போட்டான்.

"ராம்கி, அந்த டிராக்‌ஷன திருப்பி ஆன் பண்ணனும்."

"லேப்டாப்புலதாண்ணே பண்ண முடியும். வண்டியக் கடைக்குக் கொண்டாங்க, அஞ்சு நிமிச வேலை."

"வண்டி வந்தா நான் ஏன்டா உனக்குப் போன் பண்றேன்?"

"பின்னாடி வெயிட்டு இருக்காண்ணே? அப்ப முன்சக்கரம் தரையில அமுங்காது. சாமான இறக்குங்க. இல்லன்னா பானட்டு மேல ரெண்டு பேர உக்காரச் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பேயாண்டி வேட்டியை மடித்துக் கட்டினான். "நானும் என் தம்பியும் உக்கார்றோம் மச்சான்."

"வேணாம் மாப்ள, பானட்டு நசுங்கிரும். கார்பன் ஸ்டிக்கர் ஒட்டிருக்கேன்."

"அப்ப சாமான இறக்குவோம்."

"சீர சகதியில இறக்கி வச்சா கொட்டு எதுக்கு? காரு கரை ஏறுன பிறகுதான் சீரு இறங்கும்."

மேலிருந்து செல்லத்தாய் குரல் கொடுத்தாள். "ஏப்பா தாய்மாமா, பேரன் உக்கார மடி கேட்டோம். எம்மகன் உக்கார தகரங்கூடக் குடுக்க மாட்டியா?"

கொட்டுக்காரர்கள் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்கள்.

முனீஸ்வரி பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அண்ணே, காரு கெடக்கட்டும். நீ நடந்து வா."

"ரெண்டு நிமிசம். ஏத்திட்டு வாரேன்."

"மணி பத்தேகால் ஆச்சுண்ணே. பிள்ளைய மொட்டை போட்டு வச்சிருக்கு."

"டர்போ காரு வாங்கின தாய்மாமன் சகதியில நடந்து வந்தான்னு ஊருல பேசணுமா?"

முனீஸ்வரி காரைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் உறுமிக்கொண்டிருந்தன.

"இப்ப மட்டும் பேசாமலா இருக்காங்க? சரி. நீ காரப் பாத்துக்க."

அவள் போய்விட்டாள். செல்லத்தாய் மேலேயிருந்து ஆள் ஏவினாள். "சீரு பொறந்த வீட்டுச் சீரு, அது மேல வரட்டும். காரும் கார்க்காரனும் அங்கனயே இருக்கட்டும்." சீர் வாங்க வேண்டியவர்களே பின்கதவைத் திறந்து, மூட்டையையும் அண்டாவையும் தோளில் ஏற்றினார்கள். பாண்டிமீனா சீர்த்தட்டை எடுத்துக்கொண்டு செருப்பைக் கழற்றினாள்.

"நீ எங்கடி போற?"

"காது குத்துக்கு."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவன் உட்கார்ந்திருந்தான். கொட்டு முழங்கியது. கொஞ்ச நேரத்தில், கொட்டையும் மீறிக் குழந்தையின் வீறல் கேட்டது. ஒரு காது. மூச்சு வாங்கி, இன்னொரு வீறல். மறு காது.

பாரம் இறங்கியிருந்தது. மிதிக்கிற வேகமும் அவனுக்கு அடங்கியிருந்தது. லேசாகத்தான் மிதித்தான். கார் ஒரு சத்தமும் இல்லாமல் குழியைவிட்டு எழுந்து கரையேறி மரத்தடியில் போய் நின்றது. பார்க்கத்தான் ஆளில்லை. எல்லாரும் பந்தியில் இருந்தார்கள்.

செல்லத்தாய் மட்டும் எழுந்து வந்தாள். "வாங்க தம்பி, வாங்க. இலை போட்டாச்சு."

"நீங்க" என்று அவள் அவனை இதுவரை சொன்னதில்லை.

"அத்தே, பிள்ளைய நான் மடியில..."

"குத்தியாச்சே. உங்களுக்காகப் புதுசாக் காது முளைக்குமா? சாப்பிட்டுப் போங்க. வந்தவங்க எல்லாருக்கும் போடுறதுதான்."

தூணோரம் கருத்தக்கண்ணன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளை அவன் மடியில் அழுது ஓய்ந்து தூங்கியிருந்தது. அசோக்குமாரைக் கண்டதும் அவன் பதறி எழப் பார்த்தான்.

"அண்ணே, இந்தா, பிள்ளைய நீ வாங்கிக்க..."

முனீஸ்வரி சாம்பார் வாளியோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். நிற்கவில்லை, அண்ணன் பக்கம் திரும்பவுமில்லை.

"அசையாம இருடா. பிள்ளை முழிச்சுக்கிரும்."