வயிற்றுக்குள் ஒத்தாசைக்காரர்கள்

அடுத்த வாரம் தன் வயிற்றில் பாதியை வெட்டி எடுக்கப் போகிறார்கள் என்பதைப் பெரியவர் தாங்கிக்கொண்டார். வெட்டியதை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்வார்களாம், கையெழுத்து வேண்டுமாம் என்றதும்தான் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. குடும்பத்துப் பெயரைப் பாட்டிலில் ஒட்டி, கண்டவனும் எட்டிப் பார்க்க அலமாரியில் அடுக்குவதா? முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட, இஸ்திரி போட்ட சட்டையோடு, தங்கையையும் கூட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கே போய்விட்டார்.

ஆய்வக டாக்டரம்மா வாதாடவில்லை. மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள்.

"குழாய் விட்டு உங்க வயித்துலேர்ந்து எடுத்த துணுக்குதான் ஐயா. பாருங்க. கொத்துக் கொத்தா இருக்கே, அதான் புற்றுநோய்."

"சுத்தி நீளநீளமா நிக்கறது?"

"இணைப்புத் திசு செல். நல்ல செல்தான்."

"அதானே பார்த்தேன்." பெரியவர் நிமிர்ந்தார்.

"புண்ணு வந்தா ஓடி வந்து ஒட்டுப் போடற ஆளு. ஆனா பக்கத்துல புற்றுநோய் வந்துட்டா குணம் மாறிடும். அந்தப் புற்று வளரத் தேவையானதை எல்லாம் ஊத்திக் கொடுக்கும், பரவ வழி விடும், மருந்து உள்ள வராம சுவர் எழுப்பும்."

வேறு யாருடைய செல்களோ வளரும் இரண்டு தட்டுகளை எடுத்துக் காட்டினாள். முதல் தட்டில் புற்றுநோய் செல்கள் தனியாக இருந்தன, சோம்பிக் கிடந்தன. இரண்டாவதில் இந்த ஒத்தாசைக்காரர்களும் கூட; அங்கே கல்யாணக் கூட்டம்.

"அதனால கட்டி மட்டும் போதாது ஐயா. சுத்தி இருக்கறவங்களும் எங்களுக்கு வேணும்."

"எங்க குடும்பத்துல அந்த மாதிரி புத்தி யாருக்கும் கிடையாதும்மா."

கூட வந்த தங்கை தொண்டையைச் செருமினாள். "ஏண்ணா, உன் பையன் சின்னவன் குடிச்சுட்டு ஆபீஸ் வண்டியைச் செவுத்துல மோதினப்ப, டைபாய்டு மயக்கம்னு ஆபீசுக்கு லெட்டர் எழுதினது யாரு?"

"அது குடும்ப மானம்டி."

"மூணு தடவை டைபாய்டு. நாலாவது தடவை வண்டியை லாரிக்கு அடியிலயே கொண்டுபோய் விட்டுட்டான், உயிர் தப்பினதே பெரிசு."

"நீ சும்மா இரு!"

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியது.

பெரியவர் மறுபடி குனிந்து வெகுநேரம் பார்த்தார். நீளச் செல்கள் விறைப்பாக, தோளோடு தோள் ஒட்டி, உள்ளே நடப்பது வெளியே தெரியாதபடி மறித்து நின்றன. அந்த நிற்பை அவர் தினமும் கண்ணாடியில் பார்த்திருக்கிறார்.

"பேனாவைக் கொடும்மா."

கையெழுத்துப் போட்டார். "ஆனா ஒண்ணு. பாட்டில்ல எங்க பேர் வரக் கூடாது."

"பேரே போடமாட்டோம் ஐயா. வெறும் நம்பர்தான். உங்களுது நாற்பத்தேழு."

"வெறும் நம்பரா?" பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நாளைக்கு இதுல ஏதாவது மருந்து கண்டுபிடிச்சா, யார் வயிறுன்னு ஒருத்தனுக்கும் தெரியாதா?"

"தெரியாது ஐயா."

எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கட்டிக்கு நம்பர் போதும். சுத்தி நின்னானே, அவனுக்கு மட்டும் என் பேரைப் போடும்மா. பண்ணினது தப்புதான். ஆனா நிமிர்ந்துதானே நின்னிருக்கான்!"