லேஸ் வைத்த பூட்ஸ்

பாய்மரப் படகுக் கண்காட்சிக்குப் போவதற்கு என் வீட்டுக்காரரிடம் ஒரு சட்டப் புத்தகமே உண்டு. பஸ் டிப்போவில் முப்பது வருஷம் நேர அட்டவணை போட்ட மனிதர், வேறெப்படி இருப்பார்? கதவு திறக்கும்போதே போய் நிற்க வேண்டும். பத்துப் படகுக்கு மேல் பார்க்கக் கூடாது. படகுக்குள் இருக்கும் படுக்கையில் கால் நீட்டிப் படுத்துப் பார்க்க வேண்டும், கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, லேஸ் வைத்த காலணி போடவே கூடாது. ஏறுமுன் கழற்றிக் கரையில் உள்ள கூடையில் போடச் சொல்வார்கள். பத்துத் தடவை முடிச்சு அவிழ்த்தால் பொழுது அதிலேயே போய்விடும்.

பன்னிரண்டு வருஷம் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினோம். இந்த வருஷம் அப்படியில்லை. அவர் ஓய்வு பெற்றாயிற்று, என் தையல் கடையைத் தங்கையிடம் விட்டாயிற்று. ஒரு படகை வாங்கி அதிலேயே குடியிருப்பதாக முடிவு. குறுக்கே நின்றது எட்டு மாதத்துக்கு முன் ஆபரேஷன் செய்த அவருடைய வலது முட்டி. படகின் அறைக்குள் இறங்குவதற்குச் செங்குத்தான ஏணிதான் வழி. அதில் அவரால் ஏறி இறங்க முடியுமா என்பதை வீட்டில் நாங்கள் ஒருநாளும் பேசவில்லை.

முதல் படகில் அவர் கரையிலேயே நின்றுகொண்டு என்னை மட்டும் அனுப்பினார். நான் மெத்தைத் தையலைப் பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டு, அலமாரிகளைத் திறந்து மூடிவிட்டு வந்து ஒப்பித்தேன். இரண்டாவதிலும் அதே கதை. மூன்றாவதில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருஷம் படகு படகு என்று என் உயிரை வாங்கியவர், வரச் சொன்னால் லேஸ் அவிழ்க்க நேரமாகும் என்கிறார்.

அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். கணுக்கால் வரை ஏறிய பூட்ஸ், இரட்டை முடிச்சு. சட்டம் போட்டவர் மறந்துபோய் மாட்டிக்கொண்டு வந்ததல்ல அது. வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"பயமா இருக்கா?" என்றேன்.

"இறங்க முடியலைன்னா இன்னையோட முடிஞ்சுடும்ல. இறங்காம இருந்தா இன்னும் ஒரு வருஷம் இதைப் பத்திப் பேசிட்டு இருக்கலாம்னு பாத்தேன்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். பின்னால் வரிசை நின்றது, நிற்கட்டும். நான் முதலில் இறங்கி, அவர் ஏணியைப் பார்த்தபடி இறங்க, ஒவ்வொரு குதிகாலையும் பிடித்துப் படியில் வைத்தேன். மேலே விற்பனைக்காரர், நல்ல மனுஷன், வரிசையில் நின்றவர்களுக்குப் பாய்மரத்தைப் பற்றி நிதானமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கீழே என் வீட்டுக்காரர் கால் நீட்டிப் படுத்தார். பக்கத்தில் நானும் ஒண்டிக்கொண்டேன். நல்லாயிருக்கு என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

ஏறும்போதுதான் மாட்டிக்கொண்டார். மூன்றாவது படியில் கால் மடங்க மறுத்தது. கீழிருந்து தோள் கொடுத்துத் தள்ளினேன். மேலே வந்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆடாம நிக்கிற படகுலயே இந்தப் பாடு. கடல்ல நடக்காதும்மா."

ஒரு பொய் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. கூடையிலிருந்த பூட்ஸைத் தூக்கிக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக் கண்காட்சி வாசல் பக்கம் கூட்டிப்போனேன். வரும்போது நாங்கள் திரும்பியும் பார்க்காத ஒரு சின்னப் படகு அங்கே இருந்தது. அறையும் இல்லை, ஏணியும் இல்லை. ஒரு பாய்மரம், எதிரெதிரே இரண்டு பலகை, அவ்வளவுதான்.

"இதுல குடியிருக்க முடியாதே," என்றார்.

"குடியிருக்கத்தான் வீடு இருக்கே. காலைல போவோம், சாயங்காலம் வந்துடுவோம்."

அவர் என் கையை விட்டுவிட்டு, கரையிலிருந்து தானே படகுக்குள் காலை எடுத்து வைத்தார். சுக்கான் பக்கம் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், எதிர்ப் பலகையில் எனக்கான இடத்தை உள்ளங்கையால் துடைத்தார்.