கண்ணடிச்ச சவம்

பாறசாலையில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடித்துக் கொடுக்கும் வேலை லிஜாவுக்கு. வீடு தனுவச்சபுரத்தில். மாலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் இன்னொரு வேலையும் பார்ப்பாள். அதற்குச் சம்பளம் கிடையாது, வசவு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். ‘மருதம்பாறைக் குடும்பம்’ என்ற தொலைக்காட்சித் தொடருக்கு ரசிகர்களே சேர்ந்து எழுதுகிற இணையக் களஞ்சியம் ஒன்று இருந்தது. யார் வேண்டுமானாலும் அதில் புதுப் பக்கம் தொடங்கலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம். லிஜா அதன் நிர்வாகிகளில் ஒருத்தி. பக்கங்களின் தலைப்புகளைச் சரிசெய்வது அவள் பொறுப்பு.

தொடரில் லேகா என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். மூத்த மருமகள் ஒருத்தி. அவளுக்கு விஷ ஊசி போடப் பார்க்கிற நர்ஸ் ஒருத்தி. ஆற்றில் விழுந்து செத்து, வேறொரு நடிகையின் முகத்தோடு திரும்பி வந்தவள் ஒருத்தி. ரசிகர்கள் இவர்களுடைய பக்கங்களுக்கு ‘எங்கள் தங்கம்’, ‘நாசமாய்ப் போவாள்’, ‘யாருக்குப் புரியும் இவள் வலி’ என்று தலைப்பு வைத்திருந்தார்கள். எது எந்த லேகா என்று தெரிய வேண்டுமானால் தொடரை முதல் நாளிலிருந்து பார்த்திருக்க வேண்டும். பார்த்தவனுக்குக் களஞ்சியம் எதற்கு? ‘லேகா (மூத்த மருமகள்)’, ‘லேகா (நர்ஸ்)’, ‘லேகா (திரும்பி வந்தவர்)’ என்று லிஜா மாற்றினாள். அன்றைக்கு அவளை நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று திட்டி மலேசியாவிலிருந்துகூடச் செய்தி வந்தது. ‘தேடி வருகிறவர் எந்தச் சொல்லைத் தட்டுவாரோ அதுதான் தலைப்பு. பாசத்தைப் பக்கத்துக்குள்ளே எழுதுங்கள்’ என்று எல்லோருக்கும் ஒரே பதிலைப் போட்டாள்.

இந்த விதியின் முதல் இடி அவள் சொந்த மாமா தலையில்தான் விழுந்தது.

மருதம்பாறைக் குடும்பத்துப் பெரியவர் சாகும் காட்சியைக் குன்னத்துகாலில் ஒரு வாடகை வீட்டில் எடுத்தார்கள். பெரியவராக நடித்தவர் இயக்குநரோடு சண்டை போட்டுக்கொண்டு அதற்கு முன்பே போய்விட்டார். பிணமாகப் படுக்க உள்ளூரில் ஆள் தேடினார்கள். லிஜாவின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பியான ராஜையா கிடைத்தார். ரப்பர் ஷீட் வியாபாரி. சபையில் வருடாவருடம் கிறிஸ்துமஸ் நாடகம் போடுகிறவர். மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றித் துணிக்கட்டு. முகம் யாருடையது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. அவர் அசையாமல் படுத்திருக்க, விதவை அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். அப்போது பிணத்தின் இடது கண் மெல்லத் திறந்து மூடியது. இயக்குநர் கவனிக்கவில்லை, படத்தொகுப்பாளர் கவனிக்கவில்லை. ஒளிபரப்பான மறுநாள் தமிழ் தெரிந்த அத்தனை போன்களும் கவனித்தன. அந்தத் துண்டுக் காட்சிக்கு ஊர் உலகம் வைத்த பெயர் ‘கண்ணடிச்ச சவம்’.

இதில் ஒரு சங்கடம் உண்டு. இந்த வட்டாரத்தில் சவம் என்றால் செத்த உடல் மட்டுமல்ல. கிளம்பாத ஸ்கூட்டர் சவம், நகராத ஆடு சவம், சொன்ன வேலையைச் செய்யாத புருஷன் சவம். ஆனாலும் உலகம் அந்தப் பெயரைத்தான் தேடியது. லிஜாவோடு இன்னொரு நிர்வாகியாக இருந்த சிபி, ‘கண்ணடிச்ச சவம்’ என்றே பக்கம் தொடங்கினான். லிஜா ஒப்புதல் கொடுத்தாள். நடித்தவர் யார் என்ற இடத்தில் ‘ராஜையா, குன்னத்துகால்’ என்று அவளே சேர்த்தாள். மாமா சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ராஜையா நேரே அவள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எந்தா மக்கா இது? என்னச் சவம்ணு எழுதிப் போட்டிருக்கு?”

“உங்கள இல்ல மாமா. நீங்க நடிச்ச வேஷத்த.”

“வேஷமானாலும் படுத்துக் கிடந்தது நானாக்கும். சபையில எல்லாவனும் என்னப் பாத்துச் சிரிச்சியான். பாஸ்டரும் சிரிச்சாரு.”

“ஆளுவ அப்படித்தானே தேடியாவ. வேற பேரு வச்சா ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்.”

“கலாஜோதி குன்னத்துகால் ராஜையா அவர்கள். அப்படி வை. தேடியவன் மரியாதையாத் தேடட்டும்.”

கலாஜோதி என்பது அங்கேயுள்ள ஒரு கலா சங்கம் அவருக்குக் கொடுத்த பட்டம். சங்கத்துக்கு அவரே தலைவர்.

“அவர்கள்ணு தலைப்புல போட முடியாது மாமா.”

“உனக்க கல்யாணத்துக்கு முன்ன நின்னது யாரு?”

“நீங்கதான். அதுக்கும் இதுக்கும் என்ன?”

அவர் விறுவிறுவென்று போய்விட்டார். அந்த வாரமே களஞ்சியத்தில் புதுப் பயனர்கள் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். கலா சங்கத்து உறுப்பினர்கள், சபையின் பாடகர் குழு, ரப்பர் வெட்டுகிறவர்கள். தொடரை ஒரு நாளும் பார்க்காதவர்களும் அதில் இருந்தார்கள். பெயர் மாற்றத்துக்கு வாக்கெடுப்பு வைக்கச் சொன்னார்கள். ‘ஒரு கலைஞனைச் சவம் என்பது பண்பாடா?’ என்று ஒருவர் கேட்டார். ‘ஆமென்’ என்று அவருக்குக் கீழே பதினைந்து பேர் எழுதினார்கள். சிபி பயந்துவிட்டான்.

“சேச்சி, விட்டுக் குடுப்போம். நாளைக்கு நானும் குன்னத்துகால் வழியாத்தானே பஸ்ஸுல போணும்.”

“பேரு தெளிவா இருக்கணும்ணு நீதானே முதல்ல சொன்ன?”

“இதும் தெளிவுதான் சேச்சி. கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.”

வாக்கெடுப்பில் லிஜா தோற்றாள். பக்கம் ‘கலாஜோதி குன்னத்துகால் ராஜையா அவர்கள்’ ஆனது. பழைய பெயரைத் தட்டினால் புதுப் பக்கத்துக்குப் போகும்படியாவது வழி வைத்திருக்கலாம். சவம் என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று சங்கம் பிடிவாதம் பிடிக்க, சிபி அதையும் அழித்தான். ராஜையா தன் வீட்டில் கேக் வெட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை அவரைத் தவிர யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. லிஜா நர்ஸ் லேகாவுக்குப் புதிதாக முளைத்த இரட்டைச் சகோதரிக்குத் தலைப்பு யோசிக்கப் போய்விட்டாள்.

பாலராமபுரத்தில் உண்ணி என்பவர் புதிதாக ஒரு ஜவுளிக்கடை திறக்கவிருந்தார். கைத்தறிக்குப் பேர் போன ஊரில் ஏற்கெனவே தெருவெல்லாம் சேலைக் கடை. கூட்டம் சேர்க்க ஒரு பிரபலம் வேண்டும், அதுவும் அவர் கைக்கு எட்டுகிற பிரபலம். கண்ணடிச்ச சவத்தைக் கூப்பிடலாம் என்று யாரோ சொன்னார்கள். திறப்பு விழாவுக்குச் சவமா என்று வீட்டில் அழுதார்களாம். ‘கண்ணைத் திறந்த சவம்தானே, ராசிதான்’ என்று உண்ணி சமாதானம் சொல்லிவிட்டு, களஞ்சியத்தில் ‘கண்ணடிச்ச சவம்’ என்று தேடினார். பக்கம் இருந்தது. ராஜையாவின் பக்கம் அல்ல.

நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த ஷிபு என்ற நாடக நடிகன், காலியாகக் கிடந்த அந்தப் பெயரில் புதுப் பக்கம் தொடங்கியிருந்தான். அதே காட்சியில் சவப்பெட்டி தூக்கிய நால்வரில் ஒருவன் அவன். பஞ்சும் துணிக்கட்டும் மறைத்த முகம் தன்னுடையதே என்றும், பெட்டி தூக்கியதும் இரட்டை வேடத்தில் தானே என்றும் எழுதியிருந்தான். கீழே போன் நம்பர். ஒரு வாரத்தில் பாலராமபுரம் சந்திப்பில் அவன் படத்தோடு ஃப்ளெக்ஸ் எழுந்தது. ‘உங்கள் அபிமான கண்ணடிச்ச சவம் ஷிபு திறந்து வைக்கிறார்.’

ராஜையா மறுபடி லிஜா வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை மனைவி ஞானபாயும் கூட வந்தாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், பேச்சைச் சுருக்கமாகவே வைத்துக்கொள்வாள்.

“மக்கா, எனக்க சவத்த அவன் கொண்டு போயிட்டான்” என்றார் ராஜையா.

“நீங்கதானே மாமா வேண்டாம்ணு சொன்னிய?”

“அது வேற. வேண்டாம்ணு சொல்லவும் நானாக்கும் சொல்லணும். அவன் யாரு எனக்க சவமா இருக்க?”

“கேட்டியா மக்கா,” என்றாள் ஞானபாய், “முப்பது வருஷமா நான் இவர விளிச்ச பேரு. அப்பம் இவருக்குக் கோவம் வந்துது. இப்பம் வேறொருத்தன் எடுத்தா அழுகை வருது.”

லிஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனால் களஞ்சியத்தில் ஒரு பொய் நிற்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. ஸ்கேன் சென்டரில் பெயர் மாறினால் ஒருத்தி வயிற்றுக் கல் இன்னொருத்தி கோப்புக்குப் போய்விடும். இங்கே அவ்வளவு ஆபத்து இல்லைதான், என்றாலும் மனம் கேட்கவில்லை. ஷிபுவின் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று எழுதினாள்.

சான்றுக்குச் சிபி ஒரு வழி கண்டுபிடித்தான். இரண்டு பேரும் மூக்கில் பஞ்சு வைத்துப் படுத்து, கண்ணடித்து வீடியோ அனுப்பட்டும், ரசிகர்கள் பார்த்து முடிவு செய்யட்டும் என்றான். லிஜா வேண்டாம் என்றாள். யாரும் கேட்கவில்லை. ஷிபுவின் வீடியோ முதலில் வந்தது. சந்தன நிறப் பட்டு விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, இடது கண்ணை அப்படியொரு நளினத்தோடு அடித்தான். ராஜையா வீட்டுக் கட்டிலில் படுத்தார். அவருக்கு ஒற்றைக் கண்ணை மட்டும் மூடவே வரவில்லை. இரண்டும் சேர்ந்து மூடின, கூடவே வாயும் கோணியது. விரலால் வலது கண்ணைப் பிடித்துக்கொண்டு முயன்றதும் வீடியோவில் பதிவாகிவிட்டது.

வாக்குகள் ஷிபுவுக்கு மழையாகக் கொட்டின. ‘அசலே இவர்தான்’ என்று எழுதினார்கள். ‘அசல் இல்லாவிட்டாலும் இவர்தான்’ என்றும் ஒருவர் எழுதினார். பாடகர் குழுவிலேயே பாதிப் பேர் ஷிபு பக்கம் போய்விட்டார்கள்.

லிஜா ராஜையாவை உட்கார வைத்து நேராகக் கேட்டாள். “மாமா, ஒத்தக் கண்ண அடிக்க வராதுண்ணா, அண்ணைக்கு எப்படி அடிச்சிய?”

“அடிக்கல்ல மக்கா. முசிறு எறும்பு ஒண்ணு இமையில கடிச்சுது. ரெண்டு கண்ணும்தான் தொறந்துது. கேமரா எடது பக்கத்துல நிண்ணதுனால ஒண்ணு மட்டும் தெரிஞ்சுது.”

“இத யாருட்டயாவது சொன்னியளா?”

“எறும்புண்ணு சொன்னா நடிப்புக்கு என்ன மதிப்பு?”

ஞானபாய் பக்கத்தில் பலாச்சுளை உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: “சீரியல்ல அவ காலக் கட்டிப் பிடிச்சு அழுதால்லியா? போனுல சுத்துறது மூஞ்சி மட்டும் உள்ள துண்டு. முழுசாப் பாரு. இந்த மனுஷனுக்க எடது கால் பெருவிரல் நகம் கறுத்துக் கிடக்கும். போன சீசன்ல சக்கப்பழம் விழுந்தது.”

லிஜா முழு அத்தியாயத்தையும் தேடி எடுத்துப் பார்த்தாள். விதவையின் கன்னத்துக்குப் பக்கத்தில் கறுத்த நகம் தெளிவாகத் தெரிந்தது. படம் பிடித்துக் களஞ்சியத்தில் போட்டாள். ‘திரு. ஷிபு தமது கால்விரலின் படத்தை அனுப்பவும்’ என்று கேட்டாள். ஷிபு அனுப்பவில்லை. கலைஞனின் காலைக் கேட்பது அவமானம் என்று ஒரு நீண்ட பதிவு எழுதிவிட்டுத் தன் பக்கத்தைத் தானே விட்டுப் போனான்.

பிறகு லிஜா யாரையும் கேட்காமல் இரண்டு பக்கங்கள் செய்தாள். வேஷத்துக்கு ‘கண்ணடிச்ச சவம்’. ஆளுக்கு ‘ராஜையா (நடிகர்)’. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி வைத்தாள். கலாஜோதியை உள்ளே மூன்றாவது வரியில் சேர்த்தாள். இந்தத் தடவை கலா சங்கம் வாய் திறக்கவில்லை. உண்ணி பதறிப்போய் ஃப்ளெக்ஸில் ஷிபுவின் முகத்துக்கு மேல் ராஜையாவின் முகத்தை ஒட்டினார். மழை பெய்தபோது ஒரு மூலை கழன்று, ராஜையாவின் தாடைக்குக் கீழே ஷிபுவின் தாடி தெரிந்தது.

திறப்பு விழாவுக்கு லிஜாவையும் காரில் கூட்டிக்கொண்டு போனார்கள். ராஜையாவுக்குப் புது பாலராமபுரம் வேட்டி, ஜிப்பா, கழுத்தில் ஒரு சால்வை. அவர் மேடையேறியதும் சந்திப்பு முழுக்க ஒரே கூச்சல். “சவம்! சவம்!” என்று கத்தினார்கள். அவர் இரண்டு கைகளையும் கூப்பி நாலாபக்கமும் திரும்பி அந்தப் பெயரை வாங்கிக்கொண்டார். முகம் அவ்வளவு மலர்ந்து லிஜா பார்த்ததில்லை. ரிப்பன் வெட்டினார். அவர் மைக்கைப் பிடித்து நாடகக் கலையின் வளர்ச்சி பற்றிப் பேச ஆரம்பித்தபோது, பேச்சு போதும், ஒரு தடவை கண்ணடிக்கச் சொல்லி முன்வரிசையிலிருந்து ஒருவன் மலையாளத்தில் கத்தினான்.

“பிரசங்கம் மதி சேட்டா! ஒந்நு கண்ணடிக்கூ!”

கூட்டம் கைதட்டியது. உண்ணியும் கைதட்டினார். ராஜையா ஞானபாயைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள். அவர் மூச்சை இழுத்துக் கண்ணடித்தார். இரண்டு கண்ணும் இறுக மூடின, வாய் காது வரைக்கும் கோணியது. பிறகு எழுந்த சிரிப்பில் கடையில் தொங்கிய சேலைகள்கூட ஆடியதுபோல் இருந்தது. இன்னொரு தடவை என்றார்கள். அவர் செய்தார். இன்னொரு தடவை. சலிக்காமல் செய்தார். எல்லாக் கைகளிலும் போன் உயர்ந்திருந்தது.

திரும்பும்போது காரில் ராஜையா சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் தேய்த்தார். கண்ணிமை வலிக்கிறது என்றார். நெய்யாற்றின்கரை தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

“மக்கா, இண்ணைக்கு நடந்ததும் அதுல வருமா?”

“யாராவது எழுதுவாவ மாமா. நான் எழுத மாட்டேன்.”

“நீயே எழுது. அறிஞ்சவ எழுதினா நல்லது.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பேரு மட்டும் எனக்கிட்ட கேட்டுட்டு வை.”

“கேக்க மாட்டேன் மாமா” என்றாள் லிஜா.

ஞானபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தனுவச்சபுரம் வரும்வரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.