மில்கோ போட்ட வட்டம்

போன செப்டம்பரில் மலையேறுவோர் சங்கம் மில்கோவிடம் ஒரு பெயின்ட் டப்பாவைக் கொடுத்து வழிக்குறி போட்டுவரச் சொன்னது. அவர் கூடவே ஒரு குப்பி பிளம் சாராயமும் கொண்டுபோனார். குப்பி காலியான இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் போனால் மேய்ச்சல் குடில். இடப்பக்கம் போனால் பூவெளி முடியும் விளிம்பு. அதற்குக் கீழே நானூறு மீட்டர் வெறும் காற்று, பிறகு போகின் என்னும் ஏரி. சிவப்பு வளையம், நடுவில் வெள்ளைப் பொட்டு. அவ்வளவு அழகான வட்டத்தை அதுவரை போட்டதில்லை என்று மில்கோவுக்குத் தோன்றியது. போட்டதென்னவோ இடப்பக்கப் பாறையில்.

அந்தத் தப்பை அவர் கண்டது இன்றைக்குத்தான், மேகம் இறங்கிய பிறகு. அவர் மனைவி ஸோர்கா ஒரு மணி நேரம் முன்னாலேயே இதே வழியில் ஏறியிருந்தாள். ஏரிக்கரையில் அவர் இரண்டாவது பீருக்கு உட்கார்ந்ததும், "நீங்க மெதுவா வாங்க. குறியப் பாத்து நான் போய்க்கிறேன்" என்று கிளம்பிவிட்டாள்.

பாறைக்கு அப்பால் மஞ்சள் ஆர்னிகாப் பூக்கள் ஒரு ஆள் அகலத்துக்கு மிதிபட்டுக் கிடந்தன. தடம் நேராக விளிம்புப் பக்கம் போயிற்று.

"ஸோர்கா!"

மேகம் அந்தப் பெயரை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது. விளிம்பு எங்கே என்று தெரியாமல் மில்கோ நனைந்த பூக்களின் மேல் நாலு காலில் தவழ்ந்தார். கைக்கடியில் நீலப்பூ நசுங்கியது. அதனிடம்கூட மன்னிப்புக் கேட்டார். விளிம்புப் பக்கம் மாட்டு மணிச்சத்தம் வந்தது. பெண்டாட்டி கழுத்திலும் ஒரு மணி கட்டியிருக்கலாமே என்று முப்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தோன்றியது. அடுத்த கணம் அழுகை வந்தது.

மேகத்துக்குள்ளிருந்து ஒரு கிடேரி வந்தது. அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடி குடில்காரி மின்கா வந்தாள்.

"என்ன மில்கோ அண்ணே, நீங்களும் மேய வந்துட்டீங்களா?"

"மின்கா, என் வீட்டுக்காரியப் பாத்தியா?"

மின்கா கிடேரியின் முதுகைத் தட்டினாள். "இவளத்தான் பாத்தேன். இன்னும் நாலு எட்டு வெச்சிருந்தா ஏரியில சூப்பு. எந்தக் குருட்டுக் கழுதை இந்தப் பாறையில வட்டம் போட்டுச்சோ!"

"நான்தான்."

மின்கா குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தாம்மா போட்டேன், குடிச்சிட்டு. அதப் பாத்து நடந்திருக்கா அவ. பூவெல்லாம் மிதிபட்டிருக்கு, பாரு. கேலி வேணாம், தாயி. உள்ளத நேராச் சொல்லு. உசுரோட இருக்காளா?"

மின்கா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அவருக்கு எதிரே குந்தினாள்.

"பூவ மிதிச்சது இந்த மாடு, அண்ணே. அண்ணி என் குடில்ல அடுப்போரமா உக்காந்து புளிச்ச பால் குடிக்கிறாங்க. 'பாறையில வட்டம் கோணலா இருந்துச்சு, என் வீட்டுக்காரர் போட்டதாத்தான் இருக்கும்னு எதிர்ப்பக்கமா வந்துட்டேன்'னாங்க."