மரியாதைப் பன்மை

நீதிமன்ற வளாகத்தில் அவளுக்கு வழங்கிய பெயர் 'வாய்தா'. வழக்கைத் தள்ளிவைக்கும் தேதியைக் குறிக்கும் அச்சொல்லை முதலில் அவளுக்குச் சூட்டியவர் கணவர். வீடு திரும்பும் நேரத்தை அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததன் பலன். தொலைபேசியில் அவர் ஒருநாள் உரக்கச் சொன்னதை அவள் பக்கத்தில் நின்ற வக்கீல் கேட்டுவிட, அது செய்தியாளர் அறை, குமாஸ்தாக்கள் அறை, நகல் பிரிவு என்று பரவிற்று. இருபத்துமூன்று ஆண்டுகளாக ஒரே நாளிதழுக்கு நீதிமன்றத்தையும் அரசியலையும் எழுதிவந்தவள் அதற்கெல்லாம் கோபப்படவில்லை. அவளுடைய கோபம் ஒற்றுப் பிழைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. இலக்கணம் படித்துப் பட்டம் பெற்றவள். 'தீர்ப்புக் கூறினார்' என்பதில் 'க்' விழுந்துபோனால், அன்று முழுவதும் செருப்புக்குள் கல் புகுந்தவள்போல் நடப்பாள்.

அமைச்சர் வழக்கில் தீர்ப்பு வருவதற்கு முந்தைய நாள் நீதிமன்ற லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. அவள் படியேறினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரோரமாக அமர்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார் லிஃப்ட்காரர். அந்த லிஃப்டைப் பதினெட்டு ஆண்டுகள் இயக்கியவர். சான்றுப் பொருள்கள் வைக்கும் அறையிலிருந்து கைக்கடிகாரம் ஒன்றைத் திருடினார் என்ற வழக்கில் சிக்கி, நான்கு ஆண்டுகளாகப் பணியிடை நீக்கத்தில் இருந்தார்.

"என்ன அண்ணே, லிஃப்ட் கெட்டுப்போச்சுன்னு நீங்களும் படியா?"

"நான் நாலு வருஷமாவே படிதான் மேடம். வேலை திரும்பக் கிடைக்கிற வரைக்கும் அதுல கால் வைக்கறதில்லன்னு இருக்கேன். அதுவும் ரோஷக்காரப் பய, நான் இறங்கினதுலேருந்து ஒழுங்கா ஓடல."

"நாளைக்குத்தானே உங்களுக்குத் தீர்ப்பு?"

"ஆமா. அமைச்சருக்கும் நாளைக்குத்தானாம். அவருக்கு முதல் மாடி, எனக்கு மூணாவது மாடி. உயரத்துல நான்தான் மேல."

சிரித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்தார். நான்காக மடித்து மடித்து, மடிப்புகளில் எழுத்துத் தேய்ந்துபோன செய்தித்தாள் துண்டு.

"ஒருவேளை விடுதலை ஆச்சுன்னா, உங்க பேப்பர்ல போடுவீங்களா மேடம்? பெருசா வேணாம். இதுல இருக்கற அஞ்சு எழுத்த மட்டும் மாத்திப் போட்டாப் போதும்."

அவள் விரித்துப் பார்த்தாள். 'லிஃப்ட்காரன் சிக்கினான்' என்று தலைப்பு. கீழே, கடிகாரத்தை 'ஒளித்து வைத்திருந்தான்', விசாரணையில் 'ஒப்புக்கொண்டான்', சிறையில் 'அடைக்கப்பட்டான்'. ஐந்து 'ன்'களையும் யாரோ பென்சிலால் வட்டமிட்டிருந்தார்கள். அதே துண்டின் அடிப்பகுதியில், அரசு நிலத்தை உறவினர்களுக்கு ஒதுக்கியதாக எழுந்த குற்றச்சாட்டை அமைச்சர் திட்டவட்டமாக 'மறுத்தார்'. அந்த 'ர்' மீது வட்டம் இல்லை.

"இது வர்றதுக்கு முந்தின நாள் வரைக்கும் எங்க தெருவுல நான் 'வாங்க'தான். மறுநாள் முடிவெட்டப் போனா, கடைக்காரர் 'வாடா, உக்காரு'ங்கறார். என்னய்யா திடீர்னுன்னு கேட்டேன். 'பேப்பர்லயே ன் போட்டாச்சு, நான் எதுக்குடா ங்க போடணும்'னுட்டார். வீட்ல வந்து சொன்னேன். எங்க வீட்டம்மா பென்சில எடுத்து வட்டம் போட்டுட்டா. கேஸ் முடிஞ்சா கேஸ் போயிடும் மேடம். இந்த 'டா' போகாது."

"அண்ணே, இது ஆபீஸ்ல டெஸ்க்காரங்க திருத்தும்போது மாத்தினதா இருக்கும். நான் அப்படி எழுதற ஆளில்ல."

"அதத்தான் நானும் வீட்ல சொன்னேன். வாயில 'அண்ணே'ன்னு கூப்பிடறவங்களுக்குக் கையில 'அவன்'னு வருமா?"

அலுவலகம் சென்றதும் அவள் பழைய கோப்புகள் இருக்கும் கணினியின் முன் அமர்ந்தாள். அச்செய்தியை வெட்டி ஒட்டிய துணையாசிரியர் யாராயினும் அவருக்கென்று நான்கு வாக்கியங்களை வழியிலேயே செதுக்கி வைத்திருந்தாள். நான்காவது சற்றுக் கடுமையானது. அச்சான வடிவத்தைத் திறந்தாள். அதன் அடியில், செய்தியாளர் அனுப்பிய மூல வடிவத்தைத் திறந்தாள். இரண்டுக்கும் ஓர் எழுத்துகூட வேறுபாடு இல்லை. ஐந்து 'ன்'களும் அவளுடையவை. அன்று மாலை அமைச்சரின் செய்தியாளர் சந்திப்புக்கு ஓட வேண்டியிருந்ததால், காவல் துறை கொடுத்த குறிப்பை அப்படியே தட்டச்சு செய்திருக்கிறாள். அப்படியே என்றும் சொல்ல முடியாது. குறிப்பில் விடுபட்டிருந்த ஒற்றெழுத்துகள் அனைத்தையும் பொறுப்பாகச் சேர்த்திருந்தாள்.

செதுக்கி வைத்திருந்த நான்கு வாக்கியங்களுக்கும் உரியவர் கிடைத்துவிட்டார். நான்காவதை அவளால் முழுதாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னாள். பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்த கணவர், நிமிடங்களைத் தவிர வேறெதையும் பெரிதுபடுத்தாதவர்.

"அதான் நாளைக்கு அவன் விடுதலை ஆயிடுவானே. அப்புறம் என்ன?"

"பாத்தீங்களா, நீங்களும் 'ன்'."

"அட, பேச்சுல வர்றதுதானே."

"எனக்கு எழுத்துலயே வந்திருக்கு."

கல்லூரியில் படிக்கும் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஏம்மா, அப்பாவ நீ 'வாங்க'ங்கறே. அவர் உன்ன 'வா'ங்கறார். நானும் உன்ன 'வா'ங்கறேன். உனக்கே இங்க 'ர்' கிடையாது. நீ ஊருக்கு வாங்கித் தரப்போறியாக்கும்?"

"அந்தக் கேஸ அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிவைங்கடி ரெண்டு பேரும்" என்றார் கணவர். தள்ளிவைக்கப்பட்டது. (அவளுக்கு இந்தக் கதையிலும் 'ர்' கிடைக்கவில்லை என்பதை வாசகர் கவனித்திருக்கலாம்.)

மறுநாள் காலை பத்தரை மணிக்கு, மூன்றாம் மாடியில் செய்தியாளர் இருக்கையில் அவள் ஒருத்திதான் இருந்தாள். மற்றவர்கள் முதல் மாடியில் இடம்பிடிக்கப் போயிருந்தார்கள். நீதிபதி பத்து நிமிடத்தில் தீர்ப்பைப் படித்து முடித்தார். சான்றுப் பொருள் பதிவேட்டில் ஒரே கைக்கடிகாரத்தை இரண்டு எழுத்தர்கள் இரண்டு எண்களில் பதிந்திருக்கிறார்கள். எண்கள் இரண்டு, கடிகாரம் ஒன்று. ஆகவே எப்போது சரிபார்த்தாலும் ஒன்று காணாமல்தான் போகும். காணாமல்போன நாளில் அறைக்குப் பெட்டி தூக்கி வந்தவர் லிஃப்ட்காரர். திருட்டே நடக்கவில்லை என்று நீதிபதி கூறினார். கூண்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றவர், "அப்போ நான் போகலாமுங்களா?" என்று கேட்டார். எழுத்தர், "போகலாம், போகலாம்" என்று அடுத்த வழக்கின் கட்டைப் பிரித்தார். படியிறங்கும்போது அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். சட்டைப்பையை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

பதினொன்றரைக்கு முதல் மாடியில் அமைச்சர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை. பிற்பகலுக்குள் அவள் முதல் பக்கச் செய்தியை எழுதி முடித்தாள். தண்டிக்கப்பட்டார், தலைகுனிந்தார், அழைத்துச் செல்லப்பட்டார். பதவி கழன்றுவிட்டது, 'ர்' கழலவில்லை. கழல வேண்டும் என்றும் அவள் நினைக்கவில்லை.

செய்தி ஆசிரியருக்கு அலுவலகத்தில் 'கத்தரி' என்று பெயர். கல்யாணப் பத்திரிகையிலும் இரண்டு வரி குறைக்கக்கூடியவர் என்பார்கள். அவர் மேசைமுன் நின்று, லிஃப்ட்காரரின் செய்தியை நீட்டினாள்.

"இன்னைக்கா? அமைச்சரே எட்டுப் பக்கத்துக்கு வழியறாரு. துணுக்குல ஒரு வரி தர்றேன், 'லிஃப்ட் ஊழியர் விடுதலை'ன்னு. போதாதா?"

"பதினாலு வரி வேணும் சார். வினைமுற்றோட."

"அது யாரு வினைமுற்று?"

"'விடுவிக்கப்பட்டார்'. அந்த 'ஆர்' வேணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். கடைசி வரியில் நின்றார். "இதென்னம்மா? 'ஒருமையில் குறிப்பிட்டிருந்தது, அதற்கு வருந்துகிறோம்'? தேதி தப்பு, பேரு தப்பு, போட்டோ தப்பு, எல்லாத்துக்கும் வருந்தியிருக்கோம். இலக்கணத்துக்கு வருந்தின பேப்பர் உலகத்துலயே இருக்காது."

"தப்பு பண்ணது நான்தான் சார். மூலத்தப் பாத்துட்டேன்."

"நீயா?" கத்தரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். போன வாரம்தான் அவருடைய தலையங்கத்தில் மூன்று இடத்தில் 'ப்' இல்லை என்று அவள் சிவப்பு மையால் சுட்டியிருந்தாள். பழிதீர்க்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவர் கண்ணாடியைத் துடைத்து மீண்டும் போட்டுக்கொண்டார். "சரி, ஆனைக்கும் அடிசறுக்கும். வருத்தம் இருக்கட்டும். இடம்தான் இல்ல. உன்னோட 'சட்டப் பார்வை' வேற அஞ்சாம் பக்கத்துல முழுக் கட்டம் பிடிச்சுக்கிச்சு."

'சட்டப் பார்வை' அவளுடைய வாரக் கட்டுரை. அமைச்சர் வழக்குக்காக மூன்று மாதமாகச் சாட்சியங்களைப் படித்து எழுதியது. அவளுடைய வேலைக்காலத்திலேயே அதிகம் பேர் படிக்கப்போகும் கட்டுரை. நேற்றுவரை அதிலிருந்து ஒரு காற்புள்ளியை எடுக்கவும் அவள் யாரையும் விட்டதில்லை.

"அதுல வெட்டிக்குங்க சார்."

"எத வெட்ட? எதத் தொட்டாலும் கடிப்பே."

அவள் அச்சுப்படியை வாங்கி, நான்காம் பத்தியைச் சுற்றிக் கட்டம் போட்டாள். இருப்பதில் சிறந்த பத்தி அது. 'சட்டத்தின்முன் அனைவரும் சமம்' என்று தொடங்கிப் பதினான்கு வரி ஓடிற்று. கத்தரி ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

"ஆமா சார். அதான் சரியான அளவு" என்றாள்.

மறுநாள் காலை லிஃப்ட் ஓடியது. உள்ளே கால்வைத்தவள், பின்சுவரில் சாய்ந்து நின்ற லிஃப்ட்காரரைக் கண்டாள். தீர்ப்பு நகல் வாங்க வந்தவர். வேலை இன்னும் கைக்கு வரவில்லை; அதற்கு மூன்று கையெழுத்துகள் பாக்கி. கையில் அன்றைய நாளிதழ், ஐந்தாம் பக்கம் வெளியே தெரிய மடித்தது.

"என்ன அண்ணே, சபதம் என்னாச்சு?"

"வேலை கிடைச்சாத்தான் ஏறணும்னு இருந்தேன். இன்னைக்குக் காலைல முடிவெட்டற கடை வழியா வந்தேன் மேடம். கடைக்காரர் வாசல்ல நின்னு இதத்தான் படிச்சிட்டிருந்தார். என்னப் பாத்ததும் வாயத் தொறந்தார். 'வா'ன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் வரல. அப்புறம், '…ங்க'. ரெண்டு துண்டாத்தான் வந்துச்சு. ஆனா வந்துச்சு. அதான் ஏறிட்டேன்."

அவர் நாளிதழை அவள் பக்கம் நீட்டினார்.

'நடக்காத திருட்டு: லிஃப்ட் இயக்குநர் விடுதலை. நீதிமன்ற வளாகத்தில் கைக்கடிகாரம் ஒன்றைத் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த லிஃப்ட் இயக்குநர் நேற்று விடுவிக்கப்பட்டார். பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றிய அவர், நான்கு ஆண்டுகளாகப் பணியிடை நீக்கத்தில் இருந்தார். ஒரே கடிகாரம் இரண்டு எண்களில் பதியப்பட்டதே குழப்பத்துக்குக் காரணம் என்றும், திருட்டே நடக்கவில்லை என்றும் நீதிபதி கூறினார். கைது குறித்த செய்தியில் இந்நாளிதழ் அவரை ஒருமையில் குறிப்பிட்டிருந்தது; அதற்கு வருந்துகிறோம்.'

அச்சின்மேல் பென்சில் வட்டங்கள் இருந்தன. காலை ஏழு மணிக்கே வீட்டம்மா வேலையை முடித்திருக்க வேண்டும்.

"எண்ணிப் பாத்தோம் மேடம். ஆறு 'ர்' இருக்கு."

"அஞ்சுதான் அண்ணே." நேற்று அதைத் திட்டமிட்டுத்தான் எழுதினாள், ஐந்துக்கு ஐந்து. "அந்தக் 'கூறினார்' உங்களோடது இல்ல, நீதிபதியோடது."

லிஃப்ட்காரர் அந்த ஆறாவது வட்டத்தைக் கூர்ந்து பார்த்தார். பிறகு, பதினெட்டு ஆண்டுப் பழக்கத்தில், புதிதாக வந்திருந்த இயக்குநரைக் கேட்காமலேயே கையை நீட்டி மூன்றாம் மாடிக்கான பொத்தானை அழுத்தினார்.

"இருக்கட்டும் மேடம். அவருக்கு நெறைய இருக்கு. அது எனக்குக் கொசுறு."