பின்பக்கத்து வாசல்

திண்டிவனத்தில் மார்க்கெட்டை ஒட்டிய பஸ் நிறுத்தத்தில் அந்தக் கழிப்பறையைத் திறந்து இருபது நாள் ஆகியிருந்தது. 2011ஆம் வருஷத்து மே மாதம். கட்டியது ஒரு தொண்டு நிறுவனம். பிளான் போட்டவள் அங்கே வேலை பார்த்த சகாயசெல்வி. எட்டு வருஷமாக அடுத்தவர் போட்ட பிளானுக்கு அளவு பார்த்துக் கொடுத்தவளுக்கு இதுதான் சொந்தமாகப் போட்ட முதல் பிளான்.

கோடையில் குழாய் வறண்டுபோகும் இடம் என்பதால் யோசித்து யோசித்துப் போட்டிருந்தாள். மழைத் தண்ணீர் தொட்டிக்குப் போகும். கை கழுவிய தண்ணீர் மணலிலும் ஜல்லியிலும் வடிந்து பின்பக்கத்துக் கல்வாழைப் பாத்திக்குப் போகும். சுவரின் உச்சியில் வரிசையாக ஜன்னல். பகலில் விளக்கே வேண்டாம். எல்லாம் நினைத்தபடி நடந்தது. பெண்கள்தான் வரவில்லை.

ஆண்கள் பக்கம் எந்நேரமும் கூட்டம். பெண்கள் பக்கம் தரை காய்ந்தே கிடந்தது.

"இப்படியே போனா லேடீஸ் சைடைப் பூட்டி ஸ்டோர் ரூமா ஆக்கிடலாம்னு சொல்றாங்கம்மா" என்றார் தொண்டு நிறுவனத்தின் நிர்வாகி ஸ்டீபன்ராஜ். அவர் கோபப்படாமல் சொன்னதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

மறுநாள் காலையிலேயே விழுப்புரத்தில் பஸ் ஏறி வந்தாள். கழிப்பறைக்கு எதிர்ச்சாரியில் வேகவைத்த வேர்க்கடலை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, விற்கும் தையல்நாயகியின் பக்கத்தில் உட்கார்ந்து மதியம்வரை பார்த்தாள். இரண்டு பெண்கள் படிவரை வந்தார்கள்; சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள்.

"ஏங்க்கா, உள்ள சுத்தமாத்தானே இருக்கு? நீங்களும் ஏன் போறதில்ல?"

தையல்நாயகி காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: "நீங்க போனீங்களா மேடம்?"

சகாயசெல்வி எதிரே இருந்த படிகளைப் பார்த்தாள். இந்த இருபது நாளில் பத்துத் தடவையாவது இங்கே வந்திருப்பாள். ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. ஒவ்வொரு முறையும் அடக்கிக்கொண்டு வீடுவரை போயிருக்கிறாள். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

"வாசல எங்க வச்சிருக்கீங்க? டீக்கடைக்கு நேரா. அம்பது ஆம்பளைங்க பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருக்காங்க. அவங்க பாக்க நாலு படி ஏறிப் போவணும். கூடைய எங்க வைக்கிறது, ஈரத்துலயா? நான் காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கிறதில்ல. பேஜாரு புடிச்ச பொழப்பு."

சகாயசெல்வி எழுந்து சாலையைக் கடந்தாள். படியில் கால் வைத்ததும் டீக்கடைப் பக்கம் தலைகள் திரும்பியது முதுகில் தெரிந்தது. உள்ளே கைப்பையை மாட்ட ஓர் ஆணிகூட இல்லை, பற்களால் கவ்விக்கொண்டாள். வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தாலும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது.

"கட்டடம் சரி சார், வாசல்தான் தப்பு. அது என் தப்பு. அஞ்சு நாள் குடுங்க" என்று அன்று மாலையே கேட்டாள்.

ஸ்டீபன்ராஜ் பிளானை எடுத்து விரித்துப் பார்த்தார். "முன்னாடி இருந்தாத்தான் அழகுன்னு நானும்தாம்மா சொன்னேன்" என்றார். "பண்ணுங்க."

கொத்தனார் சூசைமுத்து பெண்கள் பக்கத்து முன்வாசலை அடைத்துப் பின்சுவரை உடைத்தார். அந்தப் பக்கம் காய்கறிக்காரப் பெண்கள் உட்காரும் சந்து. கட்டும்போதே நட்டு ஆளுயரம் வளர்ந்திருந்த கல்வாழையே மறைப்பாக நின்றது. படிக்குப் பதில் சரிவு வைத்தார்கள். உள்ளே பை மாட்டக் கொக்கி, கூடை வைக்கக் கடப்பாக்கல் பலகை.

ஆறாம் நாள் காலையில் சகாயசெல்வி முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். எதிர்ச்சாரியில் போய் நின்றதும் தையல்நாயகி எழுந்தாள்.

"கூடையப் பாத்துக்குங்க மேடம். ஜல்தி வந்துடுறேன்."

அவள் சந்துக்குள் மறைந்தாள். பின்னாலேயே இரண்டு காய்கறிக்காரிகள் போனார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு கர்ப்பிணிப் பெண் வழி கேட்டுக்கொண்டு போனாள். அதற்குப் பின்னும் ஆள் வந்துகொண்டே இருந்தது. இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனதுபோல் இருந்தது சகாயசெல்விக்கு. அந்த மகிழ்ச்சியில், மல்லாட்டை கேட்டவருக்கு அளவில்லாமல் அள்ளிக் கொடுத்துவிட்டாள்.

தையல்நாயகி முந்தானையில் கை துடைத்தபடி நிதானமாக வந்தாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. கொக்கிதான் எட்டல. உங்க ஒசரத்துக்கு வச்சிட்டீங்க."

சகாயசெல்வி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சூசைமுத்துவைத் தேடிக்கொண்டு சந்துக்குள் போனாள்.