கம்பி வைத்த டாக்டர்

அன்று முன்னறையில் இருந்தவர்கள் நால்வர். ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். அவருடைய தம்பி மகன், கட்டட கான்ட்ராக்டர். பெரியவரின் கடைசித் தங்கை, காதில் விழுந்ததை அடுத்த தெருவரை ஒலிபரப்புவதால் ‘வானொலி’ என்று பேர் வாங்கியவள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மேனேஜர். ஐந்தாவதாக நானும் இருந்தேன் என்று யாராவது சொன்னால் அது புளுகு.

மேனேஜர் வந்த காரியம் இதுதான். ஆஸ்பத்திரியின் புதிய எலும்பு சிகிச்சைப் பிரிவுக்கு, அந்தக் காலத்தில் அங்கே பேர்பெற்ற சர்ஜன் ஒருவரின் பெயரை வைக்கிறார்கள். வாசலில் கல்வெட்டு. அதில் சர்ஜனின் மகன், பேரன்மார் பெயர்களும் வரும். அந்த வாரிசுகள் தன் குடும்பத்தார்தான் என்று கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்துவிட்டான். குடும்பத்தில் மூத்தவர் கையெழுத்துப் போட்டால் கல்லை வெட்ட ஆரம்பித்துவிடலாம்.

பெரியவர் தாளை வாசித்தார். தன் அப்பாவின் பெயருக்கு மேலே, தகப்பனார் என்ற இடத்தில், சர்ஜன் உட்கார்ந்திருந்தார். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் தூசி இல்லை. எதிரில் இருந்தவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்காமலிருக்க அது ஒரு வழி.

“இவர்தான் என் தாத்தான்னு உனக்கு யார்டா சொன்னது?”

“முனிசிபாலிட்டி பதிவேட்டுல இருக்கே பெரியப்பா. அதே பேரு, அதே இனிஷியல், அதே தெரு.”

“அப்படி ரெண்டு பேர் இருக்காங்க சார்,” என்று இழுத்தார் மேனேஜர். “அதுலதான் கொஞ்சம் குழப்பம்.”

குழப்பம் ஒன்றுமில்லை. பெரியவருடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் அண்ணன் தம்பி இருவர். இருவர் பெயருக்கும் முதலெழுத்து ஒன்று. இருவரும் தலைச்சன் பிள்ளைக்குத் தங்கள் அப்பாவின் பெயரையே வைத்தார்கள். பேரன் என்றாலே பெயரைச் சுமப்பவன்தானே. ஆக, ஒரே தெருவில் ஒரே இனிஷியலோடு ஒரே பெயரில் இரண்டு பேர் வளர்ந்தார்கள். அண்ணன் மகன் சர்ஜன் ஆனார். தம்பி மகன் குடை ரிப்பேர் கடை வைத்தார். பெரியவர் குடைக்காரரின் பேரன். வீட்டில் பிறந்தவனுக்கு இது தெரிய வேண்டும். தெரியாதவன்தான் பதிவேட்டைப் புரட்டுவான்.

“நம்ம வீட்டுல எல்லாரும் ‘டாக்டர் தாத்தா’ன்னுதானே சொல்வீங்க?”

“குடை டாக்டர்டா. கடைப் பலகையில அப்படித்தான் எழுதி வச்சிருந்தார்.”

“‘அவர் கம்பி வச்சா ஒடிஞ்சது மறுபடி ஒடியாது’ன்னு நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க!”

“குடைக் கம்பி!”

வானொலி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜர் மின்விசிறியை ஆராய்ந்தார்.

கான்ட்ராக்டர் அசரவில்லை. “சரி, இருக்கட்டும். குடை தச்சவர் பேரைச் சொன்னா எவன் பெரியப்பா மதிப்பான்? சம்பந்தி வீட்ல வேற சொல்லிட்டேன். சர்ஜனும் நம்ம ரத்தம்தானே? ஒரு கையெழுத்து. யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?”

பெரியவர் அவனை விட்டுவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினார். “சர்ஜனுக்குக் கல்யாணம் ஆச்சா?”

“ஆனதா எங்கயும் பதிவு இல்ல சார். அதனாலதான் குடும்பத்தைத் தேடி வந்தோம்.”

“ஆகல. கடைசிவரைக்கும் கட்டைப் பிரம்மச்சாரி.” பிறகுதான் கான்ட்ராக்டரைப் பார்த்தார். “கல்யாணமே ஆகாதவருக்கு எங்கப்பா எப்படிடா பிள்ளையானார்? எங்கப்பாவைப் பெத்தவளைப் பத்தி ஆஸ்பத்திரி வாசல்ல கல்லுல வெட்டி வைக்கப் போறியா? அதுக்குக் கீழ என் கையெழுத்து வேணுமா உனக்கு?”

 இத்தனை கட்டடம் கட்டிய கான்ட்ராக்டருக்கு அஸ்திவாரம் பார்க்கத் தெரியவில்லை.

“ஐயோ அண்ணா, நான் இதை யோசிக்கவே இல்லையே!” என்றாள் வானொலி, யோசிக்கத் தொடங்கிவிட்ட குரலில்.

“நீ யோசிக்காம இருக்கிறதுதான் ஊருக்கு நல்லது.”

பெரியவர் தாளில் எழுதியிருந்ததைக் குறுக்கே கோடிழுத்து அடித்தார். கீழே எழுதினார்: ‘நாங்கள் சர்ஜனுடைய பங்காளி வீட்டார். வாரிசுகள் அல்லோம்.’ கையெழுத்துப் போட்டு நீட்டினார். மேனேஜர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கம்பி நீட்டினார். கான்ட்ராக்டர் செருப்பை மாட்டிக்கொண்டே பின்னால் ஓடினான், வேறு ஏதாவது வழி உண்டா என்று கேட்க. அவருக்கும் வழி தெரியவில்லை.

சர்ஜனுக்கு ரகசியமாக ஒரு குடும்பம் இருந்ததென்றும், அதை மூடி மறைக்கத்தான் பெரியவர் கையெழுத்துப் போட மறுத்தார் என்றும் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. சர்ஜனுக்குக் குடும்பம் இல்லை. பெரியவர் கையெழுத்துப் போட்டார்.